'வள்ளி திருமணம்' நாடகத்தை எழுதியது யார்? திருவிழா மேடைகளில் இன்றும் வாழும் சங்கரதாஸ் சுவாமிகள்

வேடசந்தூர் பக்கம் ஊர்த் திருவிழான்னா, ஒருநாள் ராத்திரி நாடகம் இருக்கும். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று விடிய விடிய நடக்கும். இந்த நாடகத்துக்கு மேடை வடிவம் கொடுத்தவர் 100 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள்.

2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாக்யராஜ் தலைமையில் போட்டியிட்ட 'சுவாமி சங்கரதாஸ் அணி' நினைவிருக்கா? அது இவர் பெயர்தான்.

யார் இவர்?

1867 செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பழனியில், தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

எமன், சனீஸ்வரன், ராவணன், இரணியன் போன்ற வேடங்களில் மிரட்டினார். அவரது வேடத்தைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும், அந்த வருத்தத்தில் அவர் வேடம் போடுவதையே விட்டதாகவும் நாடக உலகில் சொல்வார்கள். பிறகு ஊர் ஊராக யாத்திரை போனார். 'சுவாமிகள்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அப்படி என்ன செய்தார்?

அதுவரை கூத்திலும் நாடகத்திலும் பாட்டு இருக்கும். ஆனால் வசனத்தை நடிகர்கள் பெரும்பாலும் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி பேசுவார்கள். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் முறையாக எழுதி, நாடகத்துக்கு ஒரு கட்டுக்கோப்பு கொடுத்தார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் எல்லாம் அவர் எழுதியவைதான். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். ஷேக்ஸ்பியர் கதைகளையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

ஐரோப்பாவிலும் இதே கதை!

அங்கேயும் நாடகம் கோயிலைச் சுற்றித்தான் வளர்ந்தது. இடைக்காலத்தில் தேவாலயத்தில் தொடங்கிய பைபிள் நாடகங்கள் பிறகு தெருவுக்கு வந்தன. இங்கிலாந்தின் யார்க் நகரில் தொழில் செய்வோர் சங்கங்கள் வண்டிமேல் மேடை கட்டி நடத்தின. 1576-ல் லண்டனில் நிரந்தர நாடகக் கொட்டகை வந்தது. எழுதிய நாடகத்துக்கு மவுசு கூடியது. பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். தேவாலயப் பாடகர் குழுச் சிறுவர்களை வைத்தே தனிக் கம்பெனிகளும் நடந்தன.

இங்கே சுவாமிகள் கையில் எடுத்ததும் சிறுவர்களைத்தான். பெரிய நடிகர்களிடம் ஒழுங்கு இல்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா, டி.கே.எஸ். சகோதரர்கள் எல்லாம் அவரிடம் பாடம் படித்தவர்கள். வீட்டைப் பிரிந்து ஊர் ஊராகச் சுற்றிய அந்தச் சின்னப் பையன்களுக்கு பாய்ஸ் கம்பெனிதான் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம். எம்.ஜி.ஆர்., சிவாஜி போன்றவர்களும் பாய்ஸ் கம்பெனிகளில் இருந்து வந்தவர்களே.

கடைசி நாட்கள்

1921-ல் பக்கவாதம் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்கள் தந்தவருக்குப் பேச்சே போய்விட்டது. அப்போதும் தன் சபைப் பிள்ளைகளோடுதான் இருந்தார். 1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

இன்று ஏன் முக்கியம்?

இப்போதைய ஸ்பெஷல் நாடகத்தில் முருகன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகைகூட பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் விடியும்வரை நாடகம் பிசகாமல் ஓடும். காரணம், சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் பொது. அது தெரிந்தால்தான் தர்க்கத்தில் ஈடுகொடுக்க முடியும், மேடையில் நிற்க முடியும்.

திருவிழா மாதங்களில் கிடைக்கும் அந்த மேடைகள்தான் இந்தக் கலைஞர்களின் ஆண்டு வருமானம். நாடகத்துக்குப் பதில் வேறு கச்சேரி என்று ஒரு ஊர் முடிவு செய்தால், அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும்; சுவாமிகளின் பாடத்துக்கும் ஒரு மேடை குறையும். அடுத்த திருவிழாவில் ஆர்மோனியச் சத்தம் கேட்டால், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க.