தங்கை நினைவாக எழுந்த ஆஸ்பத்திரி

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெண் தலைவியோட வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை எடுத்துக்கிட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவங்க பேர்தான். பணம் வாங்கின நம்மில் பல பேருக்கு அந்த அம்மா யாருன்னு தெரியாது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தாங்க. அப்பா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் வந்தவங்க. வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திடற காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலேயே படிச்சுப் பரீட்சையில் தேறினாங்க. ஆண்கள் மட்டுமே படிச்ச மகாராஜா கல்லூரியில் சேரப் போனப்போ ஊரே எதிர்த்துச்சு. மகாராஜா அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சு முடிச்சு டாக்டர் ஆனாங்க.

1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள்ள போன முதல் பெண் அவங்கதான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேணும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேணும்னு அங்கே போராடினாங்க. தேவதாசி முறையை ஒழிக்க அவங்க ஆரம்பிச்ச போராட்டம் 1947-ல் சட்டமாச்சு. ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவங்க தொடங்கின அவ்வை இல்லம் இன்னிக்கும் அடையாறில் நடக்குது.

அவங்க மனசில் ஆறாத காயம் ஒண்ணு இருந்துச்சு. 1920-களில் தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்துட்டாங்க. அக்கா டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி கட்டணும்னு அன்னிக்கு எடுத்த முடிவை அவங்க விடவே இல்லை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோட சேர்ந்து வசூல் பண்ணி நிதி திரட்டினாங்க. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கையோட திறந்துச்சு. அப்போ அம்மாவுக்கு 67 வயசு. நம்மைப் போல ஒரு பெண்கள் சங்கம் கட்டின ஆஸ்பத்திரி அது! 1968-ல் அம்மா காலமானாங்க.

தாம்பரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கினா அந்த ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனா நோய் முத்தினபிறகு அங்கே போற பெண்கள் இன்னும் இருக்காங்க. 2022 கணக்குப்படி நம்ம நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 80,000 பெண்கள் இறந்திருக்காங்க. இதுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானிக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைச்சுது. தடுப்பூசி 2006-ல் வந்துச்சு. தங்கையைப் பறிகொடுத்த அந்த அம்மா காலத்தில் இது இல்லை. நம்ம காலத்தில் இருக்கு.

9 முதல் 14 வயசுக்குள்ள பெண் பிள்ளைகளுக்கு இதைப் போடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வைரஸ் தொற்றுறதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன். 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியா போடுவோம்னு தமிழக அரசும் 2025 பட்ஜெட்டில் அறிவிச்சுது.

எங்க குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னப்போ, பிள்ளைக்குப் பின்னாடி குழந்தை தங்காமப் போயிடுமோன்னு ஒரு அக்கா பயந்தாங்க. அப்படி எதுவும் ஆகாது. ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் வரலாம். ஊசி போட்டதும் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும், அதனால கொஞ்ச நேரம் உட்கார வெச்சு அனுப்புவாங்க.

கைக்குழந்தைக்கு அட்டையைப் பத்திரமா வெச்சுத் தேதி தவறாம ஊசி போடறோம். பிள்ளை பெரிசானதும் அட்டையை மறந்துடறோம். 10 வயசிலும் 16 வயசிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி இருக்கு. அது ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.

அதனால, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடன் பாஸ்புக்கோட பிள்ளைங்க தடுப்பூசி அட்டையையும் எடுத்துட்டு வாங்க. 9 முதல் 16 வயசுப் பிள்ளைங்க பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அம்மாகிட்ட கேட்போம். கூடவே, 30 வயசு தாண்டின நாமளும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செஞ்சுக்குவோம்.