ரேச்சல் கார்ஸன் அம்மையார்

கடலின் பெருமையை அறிந்தோர் பலர். அதற்கு நேரவிருந்த தீங்கை முன்னறிந்து உரைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரான ரேச்சல் கார்ஸன் அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிரெஸ்பிடேரியன் சபைப் போதகர் ஒருவரின் மகளாகிய அவர்தம் தாயார், பறவைகளையும் செடிகொடிகளையும் அன்புடன் நோக்கும் பழக்கத்தை மகளுக்கு ஊட்டினார். அவ்வூர் கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ளது. எனினும் சிறுமியின் உள்ளம் கடலையே நாடிற்று. இலக்கியம் பயிலக் கல்லூரி புகுந்தவர் இடையில் உயிர்நூலுக்கு மாறி, 1929இல் பட்டம் பெற்றார். அக்கோடையில் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்திற்குச் சென்ற பொழுதே கடலைக் கண்ணாரக் கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டமும் எய்தினார்.

1935இல் தந்தையார் இறந்தார். குடும்ப பாரம் தம்மேல் விழவே, அரசாங்க மீன்துறையில் உத்தியோகம் ஏற்றார். பகலில் அலுவலும் இரவில் எழுத்துமாகக் காலம் கழிந்தது. 1941இல் வெளிவந்த முதல் நூல் யுத்த ஆரவாரத்தில் மறைந்தது. அம்மையார் மனந்தளரவில்லை. 1951இல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது.

கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே கடல்வாழ்வனவற்றிற்கெல்லாம் உணவின் அடிப்படை. அவற்றைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரு மீனும், பெரு மீனைப் பறவையும் மனிதரும் உண்பர். ஆதலின் நுண்ணுயிர் சேர்க்கும் நஞ்சு படிப்படியாகப் பெருகி மேலேறும். அணுச்சக்திக் கழிவுகளைக் கடலில் எறியும் வழக்கத்தை, 1961ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அம்மையார் இக்காரணத்தாலேயே கண்டித்தார். 1962இல் வெளியான 'மௌன வசந்தம்' நூலில் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியைச் சான்று காட்டினார். பூச்சிகளைக் கொல்ல அந்நீரில் இட்ட மருந்து பத்து லட்சம் பங்குக்கு 0.02 பங்கே. ஆனால் நுண்ணுயிர்களில் அது 5 பங்காயிற்று. மடிந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பிலோ 1,600 பங்காயிற்று!

மருந்து வியாபாரிகள் சீறினர். அம்மையாரைப் பித்தர் என இகழ்ந்தோரும் உளர். அவரோ அந்நூலை எழுதுங்காலத்திலேயே புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். எதிரிகள் அதனைத் தம் வாதத்திற்குக் கருவியாக்குவர் என்றஞ்சி, நோயை உலகறியாது மறைத்தார். 1963இல் அந்நிலையிலேயே செனட் சபைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் காலமானார்.

அவர் கூற்று மெய்யென்பதைக் கடலே காட்டிற்று. 1970இல் கலிபோர்னியக் கரைக்கப்பாலுள்ள அனகாபா தீவில், டி.டி.டி. நஞ்சேறிய மீனை உண்ட பழுப்புக் கூழைக்கடாக்களின் முட்டையோடுகள் மெலிந்து நொறுங்க, ஒரேயொரு குஞ்சே பிழைத்தது. 1972இல் அமெரிக்க அரசாங்கம் டி.டி.டி.யைப் பயிர்களுக்கிடுவதைத் தடை செய்தது. பறவைகள் மெல்லப் பெருகின. 2009இல் அருகிவரும் உயிர்களின் பட்டியலினின்று நீக்கப்பட்டன. இந்நற்செய்தியைக் கேட்க அம்மையார் உயிரோடில்லை.

கண்ணுக்குப் புலப்படாத உயிரையும் பொருட்படுத்திய கல்வியே அவரது கல்வி. அதனை மெய்யென்று கண்டபின், உடல் நலிந்தும் உரைக்கத் தவறாமையே அவரது வீரம். கற்கும் நாம் இவ்விரண்டையும் ஒருங்கே பெற முயல்வோமாக.