யார்க் நகரம் மறக்காத மன்னர்

1485ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரில் மன்ற உறுப்பினர்கள் அவசரமாகக் கூடினர். மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் முதல் நாள் போரில் கொல்லப்பட்டுவிட்டார் என்ற செய்தி அவர்களுக்கு வந்திருந்தது. வென்றவர் ஹென்றி டியூடர். இனி அவர்தான் மன்னர்.

இப்படிப்பட்ட நேரத்தில் எவரும் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். வென்றவருக்கு வாழ்த்து அனுப்புவதே பாதுகாப்பு. ஆனால் அன்று யார்க் மன்றக் குறிப்பேட்டில் வேறொரு செய்தி எழுதப்பட்டது. தங்களைக் கருணையோடு ஆண்ட மன்னர் பரிதாபமாகக் கொல்லப்பட்டார் என்றும், நகரமே பெருந்துயரில் இருக்கிறது என்றும் அதில் பதிவு செய்தார்கள்.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் படித்தவர்களுக்கு இது வியப்பைத் தரும். அதில் வரும் மூன்றாம் ரிச்சர்ட், அரியணைக்காக எவரையும் கொல்லத் துணிந்த கொடியவர். அப்படிப்பட்ட ஒருவருக்காக ஒரு நகரம் ஏன் வருந்தியது?

தந்தையின் தலை வைக்கப்பட்ட வாயில்

ரிச்சர்ட் 1452 அக்டோபர் 2ஆம் தேதி ஃபோதரிங்கே கோட்டையில் பிறந்தார். அவருடைய தந்தை யார்க் கோமகன் என்ற பட்டம் பெற்றவர். பட்டத்தில்தான் யார்க் இருந்ததே தவிர, அந்த நகரம் அவர் பக்கம் இல்லை. அக்காலத்தில் அரச குடும்பத்தின் இரு கிளைகளான யார்க் வம்சமும் லங்காஸ்டர் வம்சமும் அரியணைக்காக மோதிக்கொண்டன. ரோஜாப் போர்கள் என்று வரலாற்றில் அழைக்கப்படும் அந்தச் சண்டையில் யார்க் நகரம் பெரும்பாலும் லங்காஸ்டர் பக்கமே சாய்ந்திருந்தது.

1460 டிசம்பர் 30ஆம் தேதி வேக்ஃபீல்ட் போரில் ரிச்சர்டின் தந்தையும் அண்ணன் எட்மண்டும் இறந்தனர். தந்தையின் தலை வெட்டப்பட்டு, கேலியாகக் காகிதக் கிரீடம் சூட்டப்பட்டு, யார்க் நகரின் மிக்கல்கேட் வாயிலில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அப்போது ரிச்சர்டுக்கு வயது எட்டு.

மூன்று மாதங்களில் காட்சி மாறியது. மூத்த அண்ணன் எட்வர்ட், யார்க்கிற்கு அருகே டௌட்டனில் நடந்த போரில் வென்று, நான்காம் எட்வர்ட் மன்னராக நகருக்குள் நுழைந்தார். வாயிலில் இருந்த தலைகள் இறக்கப்பட்டன. தம்பி ரிச்சர்ட் கிளாஸ்டர் கோமகன் ஆனார். பதின்ம வயதில் யார்க்‌ஷயரில் உள்ள மிடில்ஹம் கோட்டையில், வாரிக் பிரபுவின் வீட்டில் போர்ப்பயிற்சி பெற்றார்.

1470இல் அதே வாரிக் பிரபு மன்னருக்கு எதிராகத் திரும்பினார். அண்ணனும் தம்பியும் கடல் கடந்து தப்பி ஓட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு திரும்பி வந்தபோது யார்க் நகரம் எட்வர்டுக்குக் கதவைத் திறக்கத் தயங்கியது. அரியணையைக் கேட்க வரவில்லை, தந்தையின் கோமகன் பட்டத்தை மட்டுமே கேட்கிறேன் என்று அவர் சொன்ன பிறகே உள்ளே விட்டார்கள். அடுத்து நடந்த பார்னெட், டியூக்ஸ்பரி போர்களில் எட்வர்ட் வென்றார். 18 வயது ரிச்சர்ட் அந்தப் போர்களில் படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்கினார். பார்னெட்டில் வாரிக் இறந்தார். அவருடைய வடபகுதி நிலங்கள் ரிச்சர்டுக்குக் கிடைத்தன. வாரிக்கின் மகள் ஆனை அவர் மணந்து மிடில்ஹமில் குடியேறினார்.

மீன் பொறியில் தொடங்கிய உறவு

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் வடபகுதியில் மன்னரின் கை ரிச்சர்ட்தான். அவருக்கும் யார்க் நகருக்கும் இடையிலான உறவு வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். அது பெரிய வீரச்செயல்களால் வளரவில்லை. சின்னச் சின்ன வேலைகளால் வளர்ந்தது.

ஒரு காலத்தில் துணி வணிகத்தால் செழித்த யார்க், அப்போது நலிந்துகொண்டிருந்தது. நகரின் உயிர்நாடி ஊஸ் ஆறு. படகுகள் அதன் வழியாகத்தான் சரக்கு கொண்டுவரும். ஆனால் நிலவுடைமையாளர்களும் திருச்சபைப் பெரியவர்களும் அந்த ஆற்றிலும் அதை ஒட்டிய ஆறுகளிலும் மீன் பிடிக்கப் பெரிய பொறிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். படகுகள் செல்ல வழியில்லை. செல்வாக்கு உள்ளவர்களை எதிர்த்துச் சாதாரண வணிகர்கள் என்ன செய்ய முடியும்? அவர்கள் ரிச்சர்டிடம் முறையிட்டார்கள். அவர் அந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பொறிகளை அகற்றும்படி அழுத்தம் கொடுத்தார்.

1476இல் முறைகேடு செய்ததாக ஓர் எழுத்தரை மன்றம் பதவியிலிருந்து நீக்கியது. அதற்கு மன்னரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அப்போதும் அண்ணனிடம் நகருக்காகப் பேசியவர் ரிச்சர்ட். 1477இல் அவரும் ஆனும் நகரின் கார்ப்பஸ் கிறிஸ்டி சமயச் சங்கத்தில் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். நகர வணிகர்களும் அவர்களின் மனைவியரும் இருந்த அதே பட்டியலில் கோமகனின் பெயரும் இடம்பெற்றது. நகரத்தார் அவருக்கு மதுவும் மீனும் அன்னப்பறவைகளும் பரிசளித்தார்கள்.

இது வெறும் அன்பு அல்ல. நகரத்திற்கு அரசவையில் தனக்காகப் பேச ஒருவர் தேவைப்பட்டார். ரிச்சர்டுக்கு ஆள்பலம் தேவைப்பட்டது. 1482இல் அவர் ஸ்காட்லாந்து மீது படையெடுத்தபோது யார்க் வீரர்களை அனுப்பியது. எல்லையில் இருந்த பெரிக் நகரம் அந்த ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கொடுத்தும் வாங்கியும் வளர்ந்த உறவு என்பதால்தான் அது நிலைத்தது எனலாம்.

கிரீடமும் காணாமல் போன சிறுவர்களும்

1483 ஏப்ரலில் நான்காம் எட்வர்ட் திடீரென இறந்தார். அவருடைய மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு வயது 12. சித்தப்பா ரிச்சர்ட் அவருக்குப் பாதுகாவலர் ஆனார். ஜூன் 10ஆம் தேதி ரிச்சர்ட் யார்க் நகருக்குக் கடிதம் எழுதி ஆயுதம் தாங்கிய ஆட்களைக் கேட்டார். இறந்த மன்னரின் மனைவியும் அவருடைய உறவினர்களும் தமக்கு எதிராகச் சதி செய்வதாக அதில் குற்றம்சாட்டினார். சிக்கலான நேரத்தில் அவர் முதலில் நம்பிய இடங்களில் ஒன்று யார்க்.

ஒரு மாதத்திற்குள் எல்லாம் தலைகீழானது. அண்ணனின் திருமணம் செல்லாது, பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஜூலை 6ஆம் தேதி ரிச்சர்ட் முடிசூடினார். லண்டன் கோட்டையில் தங்கவைக்கப்பட்ட இளவரசர் எட்வர்டையும் அவருடைய ஒன்பது வயதுத் தம்பியையும் அந்தக் கோடைக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ரிச்சர்டே அவர்களைக் கொன்றார் என்ற பேச்சு அவர் வாழ்ந்த காலத்திலேயே பரவியது. அவர் காவலில் இருந்த பிள்ளைகள் என்பதால் அந்தப் பழி அவரை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் புதிய மன்னர் யார்க் வந்தார். தென்பகுதிப் பிரபுக்கள் பலர் உடன் வருவதால் வீதிகளைத் துணிகளால் அலங்கரிக்கும்படி அவருடைய செயலாளர் முன்கூட்டியே எழுதியிருந்தார். ரிச்சர்டின் சின்னமான வெள்ளைக் காட்டுப்பன்றி பொறித்த 13,000 துணிச்சின்னங்கள் தருவிக்கப்பட்டன. செப்டம்பர் 8ஆம் தேதி முறைப்படி பிறந்த தம் ஒரே மகனுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டத்தை யார்க்கில் வைத்தே சூட்டினார். நகரம் அரசுக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுத் தொகையைக் குறைப்பதாகவும் அறிவித்தார். யார்க் பேராலயத்தில் நூறு குருமார்கள் வழிபாடு நடத்தும் பெரிய அமைப்பு ஒன்றையும் திட்டமிட்டார்.

கடைசிக் கோடை

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1484 ஏப்ரலில் மகன் இறந்தார். 1485 மார்ச்சில் மனைவி ஆனும் இறந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி ஹென்றி டியூடர் வேல்ஸ் கரையில் படையோடு இறங்கினார்.

அப்போது யார்க்கில் கொள்ளைநோய் பரவியிருந்தது. இருந்தும் நகர மன்றம் தானாகவே நாட்டிங்ஹமுக்கு ஆள் அனுப்பி, மன்னருக்குப் படை வேண்டுமா என்று கேட்டது. கடைசியில் 80 பேரை அனுப்ப முடிவு செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 22ஆம் தேதி போஸ்வொர்த் களத்தில், எதிரியை நோக்கி நேராகப் பாய்ந்த ரிச்சர்ட் வெட்டுண்டு இறந்தார். அவருக்கு வயது 32. போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி ஆங்கிலேய மன்னர் அவர். மறுநாள்தான் யார்க் மன்றம் தன் துயரத்தை எழுதி வைத்தது.

அதன் பிறகு நகரம் கலகம் செய்யவில்லை. 1486இல் ஹென்றி வந்தபோது அலங்காரக் காட்சிகளோடு வரவேற்றது. ஊர் பிழைக்க வேண்டும் அல்லவா? ஆனாலும் பழைய நினைவு அணையவில்லை. 1491இல் பள்ளி ஆசிரியர் ஒருவர் ரிச்சர்டைக் கூனர் என்று இழிவாகப் பேசியதாகக் கூறி, வேறொருவர் அவருடன் மல்லுக்கு நின்றார். அந்தச் சண்டை மன்றம் வரை போனது.

2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுச் சோதனை அதை உறுதிசெய்ய உதவியது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. நாடகத்தில் வரும் சூம்பிய கைக்கு எலும்பில் சான்று இல்லை. அவரை யார்க்கில் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு நீதிமன்றம் வரை சென்றது. 2014இல் அந்த வழக்கு தோற்றது. 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

யார்க்கின் சொல்லை வைத்து ரிச்சர்டைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆற்றில் மீன் பொறிகளை அகற்ற உதவியவர், லண்டன் கோட்டையில் இருந்த இரண்டு சிறுவர்களுக்கு என்ன செய்தார் என்பதற்கு அந்தக் குறிப்பேட்டில் பதில் இல்லை. தனக்கு நல்லவராக இருந்தவரை நகரம் பாராட்டியது, அவ்வளவுதான்.

ஆனால் ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை எழுதியது, ஹென்றியின் பேத்தி முதலாம் எலிசபெத் ஆண்ட காலத்தில். யார்க் மன்றம் எழுதியது, ரிச்சர்ட் இறந்த மறுநாள். அவரைப் புகழ்ந்து எழுதியதால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை, ஆபத்துதான் இருந்தது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு சான்றை எடைபோடும்போது, அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எழுதியதால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கச் சொல்கிறார்கள். மாணவர்களே, அந்த மூன்று கேள்விகளையும் நாடகத்திடமும் குறிப்பேட்டிடமும் கேட்டுப் பாருங்கள். ரிச்சர்டைப் பற்றிய முடிவுக்கு அதன் பிறகு வரலாம்.