ஆப்பிளின் தாய்வீட்டைத் தேடிச் சென்றவர்

மாமரம் எந்த மண்ணில் முதன்முதலாக மனிதன் கைப்பட்டது, ஆப்பிள் எந்த மலையிலிருந்து இறங்கி வந்தது, கோதுமைக்குத் தாய்மடி எது என்று கேட்டுக்கொண்டே ஐந்து கண்டங்களைச் சுற்றியவர் நிக்கலாய் வவிலோவ். உலகத்தின் பசியைத் தீர்க்க விதை சேர்த்த அம்மனிதர் சிறைக்கொட்டடியில் பசியால் மடிந்தார். இதைவிடக் கொடிய முரண் அறிவியல் வரலாற்றில் அரிது.

மாஸ்கோவில் 1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிறந்தார். தந்தையார் ஏழை உழவர் குடியில் தோன்றி, துணி வணிகத்தில் உயர்ந்தவர். மகன் வணிகத்தைத் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ வணிகப் பள்ளியை முடித்ததும் வேளாண்மைக் கல்லூரியின் படியேறிவிட்டார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட முதல் ஆய்வுப் பொருள், வயலையும் காய்கறித் தோட்டத்தையும் அழிக்கும் ஓடில்லா நத்தைகள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஒருவரின் தொடக்கம் இவ்வளவு எளிய இடத்தில் அமைந்தது அவருடைய இயல்புக்குப் பொருத்தமே. தாவரத்தை அழிப்பது எது, காப்பது எது என்ற வினா அவரை இறுதிவரை விடவில்லை.

1913இல் இங்கிலாந்து சென்றார். மெண்டலின் மரபியலை ஆங்கில உலகில் பரப்பிய பேட்சன் அப்போது ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தின் தலைவர். அவரிடமும் கேம்பிரிட்ஜில் பிஃபனிடமும் வவிலோவ் கற்றார். துருநோயும் சாம்பல்நோயும் ஒரே வயலில் ஒரு செடியைத் தின்று மறு செடியை விட்டுவிடுவது ஏன்? அதற்கான விடை செடியின் மரபில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பாரசீகக் கோதுமை என்று பெயரிடப்பட்ட ஒருவகை மட்டும் சாம்பல்நோய்க்கு அசையாமல் நின்றது அவரை வியப்பில் ஆழ்த்தியது. நோயைத் தாங்கும் பண்பு வழிவழியாக வருவதென்றால் அப்பண்புள்ள செடியைத் தேடிப் பிடித்து, நல்ல விளைச்சல் தரும் செடியோடு கலக்கலாம் அல்லவா? அவருடைய பயணங்கள் அனைத்திற்கும் விதை இந்த எண்ணமே.

முதற்பயணம் 1916இல். பாரசீகத்தில் முகாமிட்டிருந்த ருசியப் படைவீரர்கள் ரொட்டியை உண்டு மயங்கி விழுந்தனர். காரணம் அறிய வவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையோடு கலந்து விளைந்த ஒரு நச்சுக் களைப்புல்லே காரணம் என்று விரைவில் கண்டறிந்தார். வந்த வேலை முடிந்ததும் திரும்பியிருக்கலாம், அவர் திரும்பவில்லை. பாமீர் மலைகள்வரை சென்று தானியம் சேர்த்தார்.

1920இல் சராத்தவ் நகரில் கூடிய பயிர்ப்பெருக்கவியலார் மாநாட்டில், நெருங்கிய உறவுடைய தாவரங்களின் வேறுபாடுகள் ஒரே வரிசையில் அமைகின்றன என்ற தம் கொள்கையை வெளியிட்டார். மறு ஆண்டு பெத்ரகிராதுக்குக் குடிபெயர்ந்து, பயன்பாட்டுத் தாவரவியல் துறையின் பொறுப்பை ஏற்றார். வோல்கா கரையில் அவ்வாண்டு பெரும்பஞ்சம். பின்னர் லெனின்கிராது ஆன அந்நகரின் புனித ஈசாக் சதுக்கத்தில், அவருடைய நிறுவனம் உலகின் முதற்பெரும் விதைக் கருவூலமாக வளர்ந்தது. ஆப்கானிஸ்தானம், மத்தியதரைக்கடல் நாடுகள், அபிசீனியா, மேற்குச் சீனம், ஜப்பான், கொரியா, மெக்சிகோ, தென்னமெரிக்கா என அவர் கால் படாத பயிர்நிலம் குறைவு. 1940 அளவில் அங்கே இரண்டரை லட்சம் மாதிரிகள் சேர்ந்திருந்தன.

ஒரு பயிரின் வேறுபாடுகள் எங்கே மிகுதியாகக் குவிந்துள்ளனவோ அதுவே அதன் பிறப்பிடமாக இருக்கக்கூடும் என்பது 1926இல் அவர் வெளியிட்ட நூலின் கருத்து. பின்வந்தோர் இதில் திருத்தங்கள் செய்துள்ளனர். எல்லாப் பயிர்க்கும் இது பொருந்தாது. ஆயினும் எங்கே தேட வேண்டும் என்பதற்கு முதல் வரைபடம் தந்தவர் அவரே. அவர் குறித்த பிறப்பிடங்களில் இந்தியாவும் ஒன்று. நெல், கரும்பு, மிளகு, கத்தரி, மா ஆகியவற்றை இந்நிலத்தின் மக்களாக அவர் எழுதினார். இங்கு வந்து காணும் பேறு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

பழமரங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு தனியே நின்று நோக்கத் தக்கது. 1929இல் அல்மா அத்தா நகரை அடைந்தபோது சுற்றிலும் மலைச்சரிவுகளை மூடிய காட்டு ஆப்பிள்களைக் கண்டார். ஆப்பிள்களின் தந்தை என்று பொருள் கூறப்படும் பெயர் அவ்வூருக்கு. அக்காட்டில் ஒரு மரத்தின் கனி போல் மறு மரத்தின் கனி இல்லை. சிறியன, பெரியன, புளிப்பன, இனிப்பன, மஞ்சள், சிவப்பு. சில தோட்டத்துக் கனிக்கு ஈடானவை. ஆப்பிளின் தாய்வீடு இதுவே என்று அவர் முடிவு செய்தார். 2010இல் ஆப்பிளின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது, தோட்ட ஆப்பிளின் முதன்மை மூதாதை நடுவாசிய மலைகளின் அந்தக் காட்டினமே என்பது உறுதிப்பட்டது.

1930இல் லண்டனில் நடைபெற்ற அனைத்துலகத் தோட்டக்கலை மாநாட்டில் துர்க்கிஸ்தான், காக்கசஸ் பகுதிகளின் பழமர மூதாதையர் பற்றி அவர் கட்டுரை படித்தார். தோட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை அம்மலைகளில் இன்றும் கண்ணால் காணலாம் என்பது அதன் சாரம். உழவன் விளைநிலத்துக்காகக் காட்டை வெட்டுகிறான். ஆனால் நல்ல கனி தரும் பேரியையும் ஆப்பிளையும் அக்ரூட்டையும் வெட்ட மனம் வராமல் வயல் நடுவே விட்டுவிடுகிறான். அவன் மகன் அவற்றுள் சிறந்த மரத்தின் குச்சியை எடுத்து, பக்கத்துக் காட்டுமரத்தில் ஒட்டுக் கட்டுகிறான். விதை போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒட்டுக் கட்டினால்தான் அதே கனி மீண்டும் கிடைக்கும். காடு தோட்டமாவது இப்படித்தான். கோடரியை ஓங்கியவன் ஒரு மரத்தின் முன்னே தயங்கிய அந்தக் கணத்தைத் தாவரவியலின் ஆவணமாகப் படித்த கண் வவிலோவினுடையது.

இத்தகைய மனிதருக்குப் பகை எங்கிருந்து வந்தது? திராஃபிம் லிசெங்கோ என்ற இளைஞர், விதையை ஈரமாக்கிக் குளிரூட்டி விதைத்தால் விளைச்சல் பெருகும் என்றார். அவரை முதலில் ஊக்குவித்தவர்களுள் வவிலோவும் ஒருவர். அறிவியலில் புதியவருக்கு இடம் தர வேண்டும் என்ற அவருடைய பெருந்தன்மை, கணிப்பில் பிழைத்தது என்றே கூற வேண்டும். ஒரு புதிய வகையை உருவாக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது வவிலோவ் சொன்ன உண்மை. மூன்றாண்டுகளில் தருகிறேன் என்பது லிசெங்கோ சொன்ன வாக்குறுதி. கூட்டுப்பண்ணை மயமாக்கத்தால் பஞ்சத்தில் உழன்ற நாட்டின் ஆட்சியாளருக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று பழிக்கப்பட்டது. வவிலோவ் முதல் தலைவராக இருந்த வேளாண் அறிவியல் கழகத்துக்கு 1938இல் லிசெங்கோ தலைவரானார். அதன் பின்னும் வவிலோவ் தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மறுத்துப் பேசினார்.

1940 ஆகஸ்டு 6ஆம் நாள். மேற்கு உக்ரைனில் செர்னோவித்சி அருகே விதை சேகரித்துக்கொண்டிருந்தவரைக் காரில் வந்த சிலர் அவசர வேலை என்று சொல்லி அழைத்துச் சென்றனர். அவர் விட்டுச் சென்ற பையைப் பின்னர்த் தோழர்கள் பிரித்தபோது, அன்று அவர் கண்டெடுத்த பழங்கோதுமை வகை ஒன்று அதில் இருந்தது. ஒற்றர், நாசவேலைக்காரர் என்பன குற்றச்சாட்டுகள். நூற்றுக்கணக்கான முறை விசாரிக்கப்பட்டார். 1941 ஜூலையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அது இருபதாண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. சிறையில் உலக வேளாண்மையின் வரலாற்றை எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி அழிந்துபோயிற்று. உடனிருந்த கைதிகளுக்கு நாள்தோறும் பாடம் நடத்தினார்.

அவர் சிறையிலிருந்தபோதே லெனின்கிராது ஜெர்மானியரால் முற்றுகையிடப்பட்டது. 1941 குளிர்காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது. வவிலோவின் நிறுவனத்திலோ டன் கணக்கில் தானியமும் பருப்பும் கிழங்கும். பாவ்லோவ்ஸ்க் பண்ணையிலிருந்து குண்டுமழைக்கிடையே தோண்டி எடுத்த உருளைக்கிழங்கு வகைகளை உறைந்துபோகாமல் நிலவறையில் தீமூட்டிக் காத்தனர். எலிகளிடமிருந்து பெட்டிகளைக் காக்க முறைபோட்டு விழித்திருந்தனர். நெல் மாதிரிகளைக் காத்த திமித்ரி இவனோவ், ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலைக்குப் பொறுப்பான அலெக்சாந்தர் ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர்விட்டார். ஓட்ஸ் தானியத்தைக் காத்த லிதியா ரோதினாவும் பசிக்கே பலியானார். தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட அறியாமல் இவர்கள் காத்து நின்றார்கள் என்பதை மறத்தலாகாது.

தலைவர் சராத்தவ் சிறையில் இருந்தார். இளமையில் அவர் பேராசிரியராக விளங்கிய அதே நகரம். மனைவி எலேனா பருலினா பருப்பினங்களை ஆராய்ந்த அறிஞர். போரின் காரணமாக மகனுடன் இடம்பெயர்ந்து அவரும் அப்போது சராத்தவிலேயே வாழ்ந்தார். கணவர் மாஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, தம் வறுமையிலும் உணவுப் பொட்டலங்களை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1942இல் வவிலோவை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அச்செய்தி அவர் செவிக்கு எட்டியதற்குச் சான்றில்லை. 1943 ஜனவரி 26ஆம் நாள் உடல் நலிந்து இறந்தார். பலரோடு ஒருவராகப் பொதுக்குழியில் புதைக்கப்பட்டார்.

தம்பி செர்கேய் வவிலோவ் புகழ்பெற்ற இயற்பியலார். 1945இல் சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக அவரை அமர்த்தியது அண்ணனைச் சிறையிலிட்ட அதே ஆட்சி. அண்ணனின் பெயரை வெளியே உச்சரிக்க இயலாத அந்தப் பதவியில் இருந்தவாறே 1951இல் அவர் காலமானார். நிக்கலாய் வவிலோவ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 1955இல்.