முதுமையில் தாயான அன்னை சாரா (அலை)

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் பிறந்த மண்ணைத் துறந்து ஹிஜ்ரத் புறப்பட்டபோது உடன் சென்றவர் அன்னை சாரா (அலை). ஷாம், மிஸ்ர் என நாடு நாடாக அலைந்த துன்பத்திலும் கணவருக்குத் துணை நின்றார். ஆயினும் அவர் மடியில் மழலை தவழவில்லை. தம்மிடமிருந்த ஹாஜரா (அலை) அவர்களைக் கணவருக்கு மணமுடித்துக் கொடுத்தவரும் அவரே என்பர் வரலாற்றாசிரியர். இஸ்மாயீல் (அலை) பிறந்தார்கள். சாரா அம்மையாரை முதுமை வந்தடைந்தது.

அவ்வேக்கத்திலும் அவ்வில்லத்தின் வாயில் விருந்தினருக்கு அடைபடவில்லை. ஒருநாள் முன்பின் அறியாத சிலர் வந்தனர். இப்ராஹீம் நபி பொரித்த கன்றின் இறைச்சியை முன்வைத்தார்கள். வந்தவர்களோ கை நீட்டவில்லை. அவர்கள் மலக்குகள்! இஸ்ஹாக் என்னும் மைந்தரையும், அவருக்குப்பின் யஃகூப் என்னும் பேரரையும் பற்றி அம்மையாருக்கு நன்மாராயம் கூறினர். கிழவியும் மலடியுமான தமக்கா மகவு என்று அவர் முகத்தில் அறைந்துகொண்டு வியந்தார். அல்லாஹ்வின் ஆணையில் வியப்பதற்கில்லை என அவர்கள் உணர்த்தினர். திருக்குர்ஆனின் 11, 51ஆம் அத்தியாயங்கள் இதனை எடுத்துரைக்கின்றன.

வாக்கு நிறைவேறியது. விருந்து சமைத்த அதே வீட்டில் தாலாட்டும் ஒலித்தது. அவ்வழியில் யூசுப், மூஸா, ஈஸா (அலை) முதலிய நபிமார்கள் தோன்றினர்.

பிள்ளைப்பேற்றைத் தருவதும் தராதிருப்பதும் இறைநாட்டமே என்கிறது 42ஆம் அத்தியாயம். மகவு பெறாத ஆயிஷா (ரலி) அவர்களும் முஃமின்களின் அன்னையே! ஆகவே, குழந்தைக்காகத் துஆச் செய்வோம். அப்பேறு வாய்க்காத சகோதரியின் மனத்தைச் சொல்லால் சுடாதிருப்போம்.