ஒன்றரை ரூபாய்க்கு பாரதியார்: ‘சக்தி’ கோவிந்தன் போட்ட கணக்கு

பாரதியார் கவிதைகள் முழுத் தொகுப்பு, விலை 1.50 ரூபாய். 1957-ல் இப்படி ஒரு புத்தகம் கடைக்கு வந்தது. போட்டவர் ‘சக்தி’ வை.கோவிந்தன்.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ராயவரத்தில் 1912-ல் பிறந்தவர் அவர். நகரத்தார் குடும்பம். சின்ன வயசிலேயே பர்மாவுக்கு வேலைக்குப் போனார். திரும்பி வந்தவர் கையில இருந்த பணத்தை வட்டிக்கு விடவில்லை. சென்னையில் பதிப்பகமும் அச்சகமும் தொடங்கினார். 1939-ல் ‘சக்தி’ மாத இதழ் வந்தது. தி.ஜ.ர., கு.அழகிரிசாமி, ரகுநாதன் எல்லாம் அங்கே வேலை பார்த்தவர்கள். எப்பேர்பட்ட ஆபீஸ், பாருங்க! சிறுவர்களுக்கு ‘அணில்’, பெண்களுக்கு ‘மங்கை’ என்று தனித்தனி இதழ்களும் வந்தன.

சரி, ஒன்றரை ரூபாய் எப்படிக் கட்டுப்படியானது?

முதல் காரணம், ராயல்டி இல்லை. பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கியது. பிறகு அது பொதுவுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

இரண்டாவது, அச்சுக்கணக்கு. அன்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும். பிழை திருத்தி, பக்கம் கட்டி, அதன் பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். ஆயிரம் பிரதி போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் இந்தக் கூலி ஒன்றுதான். பிரதி கூடக் கூட ஒரு புத்தகத்தின் மேல் விழும் செலவு குறையும். லண்டனில் 1935-ல் பெங்குவின் ஆறு பென்னிக்குப் புத்தகம் விற்றதும் இதே கணக்கில்தான். அந்தப் பாணியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கோவிந்தன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். காகிதத்துக்குக் காசை முதலிலேயே கொட்டணும். பைண்டிங், பார்சல், கடைக்காரர் கமிஷன் எல்லாம் பிரதிக்குப் பிரதி ஏறும். விலை குறைவு என்பதால் ஒரு புத்தகத்தில் நிற்கும் லாபம் சில காசுகள்தான். கட்டுக்கட்டாக விற்றால் தப்பிக்கலாம். கிடங்கில் தேங்கினால் போட்ட முதலே போயிடும்.

வாசகருக்கு இதில் நஷ்டமே இல்லை. கவிதைத் தொகுப்பு வாங்குவதை நினைத்தே பார்க்காத வீடுகளுக்கும் பாரதி போனார். விலையையும் ஏற்றவில்லை, தரத்தையும் குறைக்கவில்லை. அதனால் அடி முழுக்கப் பதிப்பாளர் மேல்தான். ‘சக்தி’ இதழ் அதற்கு முன்பே நின்றிருந்தது. கொண்டுவந்த செல்வமெல்லாம் இந்தத் தொழிலிலேயே கரைந்தது.

1966-ல் கோவிந்தன் காலமானார். வயது 54.