சிறார் மனத்தைக் கண்ட ஆட்லர்

ஐரோப்பிய மனோதத்துவ வல்லுநருள் பிராய்டு என்பாரின் பெயரைக் கேளாத மாணவர் நம்மிடையே அரியர். அவரோடு ஒன்பது ஆண்டுகள் கூடியிருந்து, 1911-ஆம் ஆண்டில் கருத்து வேற்றுமையாற் பிரிந்து தம் வழியே சென்ற ஆல்பிரட் ஆட்லரையோ, தாழ்வு மனப்பான்மை என்னுஞ் சொல்லை நாடோறும் வழங்கும் நாமும் அத்துணை அறிந்திலோம்.

ஆட்லர் 1870-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி வியன்னா நகரை அடுத்த ருடால்ப்ஸ்ஹைமில் தானிய வணிகர் ஒருவருக்கு இரண்டாம் மைந்தராய்த் தோன்றினார். எலும்புகள் வலுவிழந்து வளையும் நோயினால் நான்கு வயதளவும் நடக்கமாட்டாதிருந்தார். இளைய தம்பி தமக்கு அருகிற் கிடந்த படுக்கையிலேயே உயிர்நீத்ததை அவ்விளங்கண்கள் கண்டன. பின்னர்த் தமக்கே கடுஞ்சுரம் நுரையீரலைப் பற்ற, பிள்ளை பிழையான் என்று வைத்தியர் தந்தைக்குக் கூறியதும் அவர் செவியில் வீழ்ந்தது. தாமே ஒரு வைத்தியராதல் வேண்டுமென்னும் எண்ணம் அன்றே அவருள் வேரூன்றியதாம். நோயுற்ற பிள்ளையின் செவி எத்துணைக் கூரியது என்பதை நம் வீட்டுப் பெரியோர் நினைப்பது அரிது!

1895-இல் வியன்னா சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, இரண்டாண்டுகட்குப்பின் ருஷிய மாதாகிய ரைஸ்ஸா எப்ஸ்டீனை மணந்தார். 1898-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், தையற்றொழிலாளரின் நோய்கட்கு அவர்தம் உடலை மட்டும் ஆராய்தல் போதாது, அவர் வாழும் அறையையும் உழைக்கும் நிலையையும் காணல் வேண்டுமென விளக்கினார். பின்னாளிற் குழந்தைகளைப் பற்றி அவர் கொண்ட கொள்கைக்கும் இதுவே வித்து என்பது என் கருத்து.

1915-இல் சர்வகலாசாலையின் மருத்துவப் பகுதியார் அவருக்கு விரிவுரையாளர் பதவி தர மறுத்தனர். அம்மறுப்பு அவரைப் பண்டிதர் அவையினின்று விலக்கிப் பொதுமக்களிடம் சேர்ப்பித்தது. முதல் உலகப் போரில் இராணுவ வைத்தியராய்ப் பணிபுரிந்து மீண்டபோது, வியன்னா பசியால் வாடிக்கிடந்தது. தந்தையை இழந்த பிள்ளைகள் பலர். பள்ளியை வெறுத்தோரும் களவிற் புகுந்தோரும் பலர். அப்போது நகராட்சியை ஏற்றிருந்த சமூக ஜனநாயகக் கட்சியாரும், பாடசாலைச் சீர்திருத்தம் நடத்திய ஓட்டோ குளோக்கலும் ஆட்லரின் முயற்சிக்கு இடந்தந்தனர். 1921-இல் முதற் குழந்தை ஆலோசனை நிலையம் எழுந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய 30 நிலையங்கள் பெருகின.

அங்கு நிகழ்ந்த முறை புதுமையானது. பிள்ளையின் இயல்பைப் பற்றி உபாத்தியாயர் முன்னரே ஒரு குறிப்பு எழுதிவருவார். ஆசிரியரும் பெற்றோரும் பிறரும் கூடியிருக்கும் சபையில் ஆட்லர் அதனை வரிவரியாய் வாசித்து, இன்னது காரணமாகலாமென்று உரைத்துச் செல்வார். அடுத்து, தாயை அழைத்துக் குற்றஞ்சாட்டாது அளவளாவுவார். இறுதியிற் பிள்ளை வரும். வீட்டில் அது மூத்ததோ இளையதோ, தம்பி பிறந்தபின் தன் இடம் பறிபோயிற்றென்று எண்ணுகிறதோ என்று நுணுகி அறிவார். பிடிவாதமும் பொய்யும் சோம்பலும் நோயல்ல, ஊக்கமிழந்த பிள்ளை தனக்கோர் இடந்தேடும் வழிகளே என்பது அவர் துணிபு.

நாணமுள்ள சிறுவனைப் பலர்முன் நிறுத்தலாமோ என ஐயுறுவோர் உளர். எனக்கும் அவ்வையம் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் ஆட்லர் கருதியது வேறு. பிள்ளையின் இடர் ஒருவனுடையதன்று, குடும்பமும் வகுப்பும் சேர்ந்து விளைத்தது. ஆதலின் அது தீர்வதும் அவர் கூட்டத்திலேயாம். பிறர் மகவைப்பற்றிக் கேட்டிருந்த தாய், தன் இல்லத்தையே அங்குக் கண்டாள். ஆசிரியரும் மறுநாள் வகுப்பிற் செய்வதறிந்து சென்றார். வைத்தியர் அறைக்குள் அடைபட்டிருந்த வித்தை இங்ஙனம் ஊரார் கைக்கு வந்தது.

1934-இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் தலையெடுக்க, அந்நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. ஆட்லர் 1932 முதலே அமெரிக்காவில் லாங் ஐலண்டு மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார். குடும்பமும் அங்கே பெயர்ந்தது. மூத்த மகள் வாலன்டீன் மட்டும் சோவியத் நாட்டில் வாழ்ந்தாள். 1937-இல் அவளைப்பற்றிய செய்தி நின்றுபோயிற்று. எத்தனையோ பெற்றோரின் கவலையைத் தீர்த்தவர், தம் மகளின் நிலை அறியாது துயிலிழந்தார். அவ்வாண்டு மே 28-ஆம் தேதி ஸ்காத்லாந்தின் அபர்டீன் நகரத்தெருவில் உலாவுகையில் மார்படைப்பால் வீழ்ந்து இறந்தார். மகளோ சிறையுற்று 1942-இல் மாண்டாள் என்பது பின்னரே வெளியாயிற்று.

எடின்பரோவில் தகனஞ் செய்யப்பட்ட அவர் சாம்பல் கேட்பாரற்றுக் கிடந்து, 2007-இல் கண்டெடுக்கப்பட்டு, 2011-இல் வியன்னா நகரத்து மண்ணை அடைந்தது.